விஜெனேரின் தற்சாவி தமிழில்: 31 காலை வாரியது, 19ம் 13ம் காப்பாற்றின

செய்தியை மறையெழுத்தாக்கும் தற்சாவி முறை தமிழில் ஒருவழியாக வேலை செய்கிறது. அதுவும் கையால், அட்டைப் பட்டையை நகர்த்தி. சாவிச்சொல் (செய்தியை மறைக்கத் திரும்பத் திரும்பப் பயன்படும் ரகசியச் சொல்), கசிஸ்கி சோதனை (அந்தத் திரும்பலைப் பிடித்து மறைவை உடைக்கும் வழி) எல்லாம் இந்தப் பக்கம் ஆர்வம் உள்ளவர்களுக்குப் பழைய கதை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பிளேஸ் தெ விஜெனேர் பெயரில் எல்லோரும் பழகும் சாவிச்சொல் முறை அவருடையது இல்லை. அதை 1553இல் வெளியிட்டவர் பெல்லாசோ என்ற இத்தாலியர். 19ஆம் நூற்றாண்டில் பெயர் மாறி ஒட்டிக்கொண்டது. விஜெனேரின் சொந்தச் சரக்கு அதைவிட உறுதியானது. அதில் செய்தியே தனக்குச் சாவி. இரண்டு தரப்புக்கும் தெரிந்த ஓர் எழுத்தை வைத்து முதல் எழுத்தை மறைக்க வேண்டும். இரண்டாம் எழுத்துக்கு முதல் எழுத்து சாவி, மூன்றாவதற்கு இரண்டாவது, இப்படியே போகும். சாவிச்சொல் திரும்பத் திரும்ப வராததால் கசிஸ்கிக்கு அங்கே வேலையில்லை. இப்படிப்பட்டதை விட்டுவிட்டு, அவர் செய்யாத ஒன்றுக்கு அவர் பெயரை வைத்ததில் எனக்கு இன்னும் கடுப்புதான்.

மனிதர் தொழிலால் ராஜதந்திரி. 1523இல் நடு பிரான்சின் சேன் பூர்சேனில் பிறந்தவர். 1545இல் ஜெர்மனியின் வோர்ம்ஸ் நகரில் கூடிய புனித ரோமப் பேரரசு மன்றத்துக்குக் கடைக்குட்டிச் செயலாளராகப் போனார். 24 வயதில் நெவேர் பிரபுவிடம் வேலைக்குச் சேர்ந்தார். 1549இல் ரோமுக்கு அனுப்பினார்கள், இரண்டு வருடம். 1566இல் மறுபடியும் ரோம். மறையெழுத்துப் புத்தகங்களும் அதில் கைதேர்ந்த ஆட்களும் அவருக்குக் கிடைத்தது அங்கேதான். தூதரகக் கடிதங்கள் வழியில் பிரிக்கப்படுவது சகஜமாக இருந்த காலம், அதனால் இது அவருக்குப் பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு. 47 வயதில் அரசவையை விட்டு விலகி, ஆண்டுக்கு 1000 லிவ்ர் (அன்றைய பிரெஞ்சுப் பணம்) வந்துகொண்டிருந்த வருமானத்தைப் பாரிஸ் ஏழைகளுக்கு எழுதி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தார். தற்சாவி வரும் நூல் 1586இல் வெளியானது. ரசவாதம், கபாலா என்ற யூத மறைஞானம் என்று நடுநடுவே எங்கெங்கோ போய்வரும் தடித்த புத்தகம்.

சரி, தமிழுக்கு வருவோம். செய்தி எழுத்து ஒரு பக்கம், சாவி எழுத்து ஒரு பக்கம் என்று 247 எழுத்துக்கும் சதுரக் கட்டம் போட்டால் 61,009 அறைகள். அது நடக்காது. உயிர்மெய்யைப் பிரித்து உயிர் 12, ஆய்தம் 1, மெய் 18 என்று வைத்தால் 31. அழகான பகா எண், கட்டம் 961தான். அ = 0, ன் = 30 என்று எண் கொடுத்தேன். எழுத்தின் எண்ணோடு சாவியின் எண்ணைக் கூட்ட வேண்டும், 30ஐத் தாண்டினால் 31ஐக் கழிக்க வேண்டும். தொடக்க எழுத்து 'க்'. 'மரம்' என்பதை ம், அ, ர், அ, ம் என்று பிரித்துப் போட்டால் வந்தது: உ, ம், ர், ர், ம்.

உற்றுப் பாருங்கள். மரம் அப்படியே நிற்கிறது! காரணம் அகரம். அதன் மதிப்பு சுழியம். அ வரும் இடத்தில் அதற்கு முந்தைய மெய் வெளியே வந்துவிடுகிறது. அதே அ அடுத்த எழுத்துக்குச் சாவியாகும்போது அந்த எழுத்தும் மாறாமல் இறங்குகிறது. தமிழில் அகரம் ஏறிய மெய்க்கா பஞ்சம்? பானையில் ஓட்டை மாதிரி, செய்தி முழுக்க ஒழுகியது. ஆய்தத்தை முதலில் வைத்து அகரத்தை 1 ஆக்கினேன். எல்லாம் ஓரிடம் தள்ளி ஒழுகியது, அவ்வளவுதான். மெய்யும் உயிரும் மாறி மாறி வரும் மொழியில் அவற்றை ஒரே வரிசையில் போட்டு ஒன்றுக்கு ஒன்றைச் சாவியாக்கினால் இதுதான் கதி. தொடக்கச் சாவியை ஐந்தாறு எழுத்தாக நீட்டினால் ஒழுக்கு குறையும். ஆனால் அவர் செய்தது ஓர் எழுத்துதான், எனக்கும் அதுதான் வேண்டும்.

அப்புறம்தான் கண்ணில் பட்டது: 247 = 19 × 13. மெய் 18, 'மெய் இல்லை' என்பதற்கு ஒன்று. உயிர் 12, 'உயிர் இல்லை' என்ற புள்ளிக்கு ஒன்று. இரண்டும் 'இல்லை' என்றால் ஆய்தம். ஓர் எழுத்தும் மிச்சமில்லை, குறைவுமில்லை. மெய்க்கு ஒரு பட்டை, உயிருக்கு ஒரு பட்டை. மெய் மெய்யோடு மட்டும் கூடும், உயிர் உயிரோடு மட்டும். 'மெய் இல்லை'யும் புள்ளியும் 0, க் = 1, அ = 1; மெய் 19இல் சுழலும், உயிர் 13இல். 'க'வில் தொடங்கினால் மரம் இப்போது 'யாசாச'. இன்னொன்று, 'தூதர்' என்று போட்டால் 'நெவெஅ' வருகிறது. பழைய முதலாளி நெவேர் பிரபு எட்டிப் பார்க்கிறார்!

குறை இன்னும் இருக்கிறது. அ + அ = ஆ என்பதால் எங்கு பார்த்தாலும் துணைக்கால். உயிர்ப் பட்டையின் வரிசையைக் கலைத்துப் போட வேண்டும், அதை இன்னும் தொடவில்லை. கிரந்தத்துக்கு இடமில்லை, பாரிஸ் பாரிசு ஆகிவிட்டது.

பட்டை செய்வதில்தான் பொறுமை போனது. நகரும்போது எழுத்துத் தீர்ந்துவிடாமல் இருக்க உள்பட்டையில் வரிசையை இரண்டு முறை எழுத வேண்டும். மெய்க்கு 38 அறை, அறைக்கு ஒரு சென்டிமீட்டர். ஏ4 பத்தாது, ஏ3 தாள் வேண்டும். ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கத்தை மட்டும் தாளுக்குள் அடங்கும்படிச் சுருக்கி அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். முதல் ஐந்து அறை பொருந்தும், இருபதாவதில் கோடு எங்கேயோ போயிருக்கும். தனி உயிர்க்குறிகளை அச்சிட்டால் பக்கத்தில் புள்ளி வட்டம் வேறு முளைக்கிறது, அதனால் அ, ஆ என்றே போட்டேன். லேமினேஷன் வேண்டவே வேண்டாம், பட்டை வழுக்கி ஓடுகிறது. கல்யாணப் பத்திரிகை அட்டையில் கையால் கோடு போட்டதுதான் கடைசியில் உருப்பட்டது. அச்சகத்தில் வெட்டி மிஞ்சும் துண்டுகளைக் கேட்டால் சும்மாவே தருகிறார்கள்.

அடுத்து, செய்திக்குப் பதிலாக மறைத்த எழுத்தையே சாவியாக்கும் அவருடைய இன்னொரு முறை. கலைத்த உயிர்ப் பட்டைக்கு முன்னாடியே அதை ஆரம்பித்துவிடுவேன் போலிருக்கிறது. அதுவரை இதை உடைத்துப் பாருங்கள். கலைக்காத பட்டை, தொடக்க எழுத்து 'விஜெனேர்' என்பதன் முதல் எழுத்து:

ஞீழாளமேழீளொறூறுஙு