தூக்க மாத்திரைக்கு எழுப்பும் நர்ஸ்

அசந்து தூங்கும் நோயாளியைத் தட்டி எழுப்பி, "தூக்க மாத்திரை போட்டுக்குங்க" என்று நீட்டும் நர்ஸை மீம்களில் பார்க்காதவர் இருக்க முடியாது. மாத்திரை விஷயம் கற்பனையாக இருக்கலாம். எழுப்புவது உண்மை; இரவுப் பணியில் மிகவும் பொறுப்பான வேலையும் அதுதான்.

தலையில் அடிபட்டவர் தூங்குகிறாரா, நினைவு தப்பிக்கொண்டிருக்கிறாரா என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியாது. எழுப்பிப் பெயர் கேட்க வேண்டும், விரலை இறுக்கிப் பிடிக்கச் சொல்ல வேண்டும், டார்ச் அடித்து இரண்டு கண்மணிகளும் ஒரேபோலச் சுருங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சை முடிந்து வந்தவருக்குத் தொடக்கத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடியும் ரத்த அழுத்தமும் பார்ப்பது பரவலான வழக்கம். உள்ளே ரத்தம் கசிந்தால் பெரும்பாலும் நாடிதான் முதலில் வேகமெடுக்கும். அழுத்தம் இறங்கும்போது நிறைய ரத்தம் போயிருக்கும். கடும் வலிக்கான மார்ஃபின் மருந்து போட்டவருக்கோ தூக்கத்தில்தான் ஆபத்து. மூச்சு மெல்ல மெல்லக் குறையும். அதை முழுசாக 60 விநாடி எண்ண வேண்டும். எண்ணுவது தெரிந்தால் நோயாளி தன்னையறியாமல் மூச்சை மாற்றிவிடுவார் என்பதால், நாடி பார்ப்பதுபோலவே விரலை வைத்துக்கொண்டு நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை எண்ணுவோம். பார்ப்பவருக்கு நர்ஸ் சும்மா கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதாகத் தோன்றும்.

ராட்சத ஊசியோடு துரத்தும் நர்ஸ் இன்னொரு வகை. அந்தப் பயத்தோடு வருபவர் தசையை இறுக்கிக்கொள்வார். இறுகிய தசையில் ஊசி கூடுதலாக வலிக்கும். குப்புறப் படுத்துக் கால் பெருவிரல்களை உள்பக்கம் திருப்பினால் புட்டத் தசை தளரும். இடுப்பு நரம்பில் பட்டுவிடக் கூடாதென்று புட்டத்தை நான்காகப் பிரித்து அதன் மேல்-வெளிப்பக்கப் பகுதியில் போடுவது பழைய முறை. இப்போது பல வழிகாட்டுதல்கள் இடுப்பின் பக்கவாட்டையே பரிந்துரைக்கின்றன.

குட்டைப் பாவாடை நர்ஸ் படங்களைப் பற்றி ஒன்றே சொல்லலாம்: அவை நகைச்சுவையே அல்ல. வார்டில் கையைப் பிடித்து இழுப்பவனுக்குத் துணிச்சல் தருவது அந்தப் படம்தான்.

2015-ல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், அழகிப் போட்டி மேடைக்கு வந்த ஒரு நர்ஸின் கழுத்தில் ஏன் 'டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்' என்று கேட்டார்கள். செவிலியர்கள் தத்தம் ஸ்டெதாஸ்கோப்போடு படம் போட்டு இணையத்தை நிறைத்தார்கள். கோபம் நியாயமானது. இதயத்துடிப்பை மெதுவாக்கும் டிகாக்சின் மருந்தைக் கொடுக்கும் முன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து இதயத்துடிப்பை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் பொதுவாக மருந்தை நிறுத்திவைத்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த முடிவு கட்டிலருகே நிற்கும் நர்ஸுடையது.

எங்கள் ஆட்களே எடுக்கும் ரீல்ஸிலும் கவனம் வேண்டும். பெயரை மறைத்தால் போதாது. பின்னால் தெரியும் கட்டில் எண், கைப்பட்டை, மானிட்டர் திரை, ஏன், நோயும் தேதியும் சேர்ந்தாலே உறவினர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நல்ல நகைச்சுவைக்கு வார்டில் பஞ்சமே இல்லை. முழங்கை மடிப்பில் மருந்து ஏற்றும் சிறு குழாயான கேனுலா, நோயாளி கையை மடக்க மடக்க மருந்தைச் செலுத்தும் இன்ஃப்யூஷன் பம்ப் அலறுகிறது. ஓடிப்போய்க் கையை நீட்டிவைத்து அலாரத்தை நிறுத்திவிட்டு வாசல் தாண்டுவதற்குள் அவர் போனை எடுக்க மறுபடி மடக்குகிறார். இதை மீமாகப் போட்டால் இரவுப் பணியில் இருக்கும் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.