லேன்8720: லிங்க் பிட்டை இரண்டு தடவை படியுங்க

நாலு ராத்திரி போச்சு. நேற்றுதான் மோட்டார் ரூம் போர்டு நெட்வொர்க் லிங்க்கை (கேபிளின் மறுமுனையோடு உள்ள தொடர்பை) விடாமல் பிடித்துக்கொண்டு நின்றது. தப்பு முழுக்க என்னுடையது.

எஸ்டிஎம்32எஃப்407 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, ஆன்லைனில் வாங்கிய லேன்8720 மாட்யூல் (ஈதர்நெட் கேபிளோடு பேசும் சிப், இதை ஃபை என்பார்கள்), இரண்டுக்கும் நடுவே ஆர்எம்ஐஐ என்கிற டேட்டா இணைப்பு. பல்லடம் பக்கம் எங்கள் தோட்டத்தில் கிணற்றுக்கும் சாளைக்கும் (தோட்டத்து வீடு) எழுபது மீட்டர் இருக்கும். கிணற்று மட்டத்தைத் திண்ணையில் உட்கார்ந்தே பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. கேபிளுக்கு நூறு மீட்டர் வரை எல்லை உண்டு, தாராளம்.

முதல் ராத்திரி ஃபையின் முகவரி எண்ணைத் தேடுவதில் போனது. ஃபைக்குள் இருக்கும் எந்த ரிஜிஸ்டரை (நிலையைக் குறித்து வைக்கும் சின்ன நினைவிடம்) படித்தாலும் ஹெக்ஸில் (பதினாறடிமான எண்ணில்) நான்கு எஃப், அதாவது எல்லா பிட்டும் 1. அப்படியென்றால் ஃபை வாயே திறக்கவில்லை, ரிஜிஸ்டரைப் படிக்கும் எம்டிஐஓ லைனில், அதை 1-இலேயே இழுத்து வைக்கும் புல்-அப் ரெசிஸ்டர் மட்டும்தான் பேசுகிறது. அந்த லைனுக்கான கிளாக், எம்டிசி, அதன் வேகத்தைச் சந்தேகப்பட்டேன். போர்டின் 168 மெகாஹெர்ட்ஸை 102-ஆல் வகுத்தால் 1.65, எல்லை 2.5, அதில் குற்றமில்லை. கடைசியில் 0 முதல் 31 வரை ஒவ்வொரு கதவாகத் தட்டினால் 1-இல் ஆள் இருக்கிறது! சிப்பின் அடையாள எண் இருக்கும் ரிஜிஸ்டர் 2-இல் 0007 வந்தது. சிப் தானாக எடுக்கும் முகவரி 0. மாட்யூலில் ஆர்எக்ஸ்இஆர் பின்னை மேலே இழுத்து 1 ஆக்கியிருக்கிறார்கள். சரி, இது எல்லாருக்கும் நடப்பது.

கூத்தே, லிங்க் நிலையைச் சொல்லும் ரிஜிஸ்டர் 1-இல்தான். பத்து விநாடிக்கு ஒருமுறை அதைப் படித்து, லிங்க் பிட் 0 (லிங்க் இல்லை) என்றால் ரிஜிஸ்டர் 0-இல் ஹெக்ஸில் 1200 எழுதி, நெகோஷியேஷனை (இரண்டு முனையும் வேகத்தைப் பேசி முடிவு செய்வது) புதிதாகத் தொடங்கும்படி வைத்திருந்தேன். புத்திசாலித்தனம் என்று நினைப்பு. லிங்க் வரும், போகும், வரும், போகும். கேபிளை மாற்றினேன். கேபிள் முனையின் கிரிம்ப்பை வெட்டிவிட்டு மறுபடி அடித்தேன். மோட்டார் ஸ்டார்ட்டர் கான்டாக்டரின் மின் நாய்ஸ் என்று அதன் மேல் பழி போட்டேன். மோட்டாரை நிறுத்தினாலும் அதே கதை. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனப்பா, அந்தப் பச்சை லைட்டு தவளையாட்டக் கண்ணை மூடி மூடித் தொறக்குது?" என்றார். போனில் நேரம் பார்த்தேன். சரியாகப் பத்து விநாடி. நாய்ஸுக்கு எங்கே கடிகாரம்?

அப்போதுதான் மதிப்பை உற்றுப் பார்த்தேன்: 7829. நெகோஷியேஷன் முடிந்தது என்கிற பிட் 5 ஏறி 1 ஆகியிருக்கிறது, லிங்க்கைச் சொல்லும் பிட் 2 மட்டும் இறங்கி 0 ஆகியிருக்கிறது. பச்சை விளக்கு எதிரிலேயே எரிகிறது! உடனே இன்னொரு தடவை படித்தால் 782டி. அந்த பிட் லாட்ச் ஆகும் வகை. லிங்க் ஒருமுறை விழுந்தால், அப்புறம் எழுந்தாலும், யாராவது படிக்கும் வரை 0-ஐயே பிடித்துக்கொண்டிருக்கும். நான் 1200 எழுதியதும் லிங்க் விழும், ரெண்டு மூணு விநாடியில் எழும். பத்தாவது விநாடியில் நான் படிப்பது அந்தப் பழைய விழுகையை. உடனே மறுபடி 1200. என் வாலை நானே கடித்துக்கொண்டு மூன்று ராத்திரி சுற்றியிருக்கிறேன். முதல் தடவை படித்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவதை நம்பு என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன், தீர்ந்தது. டேட்டாஷீட்டில் அந்த பிட்டுக்கு நேரே லாட்ச் என்று சின்னதாகப் போட்டிருக்கிறது. நாலு தடவையாவது அதைத் தாண்டிப் போயிருப்பேன்.

போர்டையும் மாட்யூலையும் இணைக்கும் ஜம்பர் வயர் விஷயம்: கோவை காந்திபுரத்துக் கடையில் ஒரு சாண் நீளத்துக்குக் குறைந்து கிடைக்கவில்லை. ஆர்எம்ஐஐயின் 50 மெகாஹெர்ட்ஸ் கிளாக்குக்கு அது ஆகாது. விரல் நீளத்துக்கு நானே வெட்டி பற்றவைத்துக்கொண்டேன். ஐப்பசி இடிக்கு முன்னால் கேபிளின் ரெண்டு முனையிலும் சர்ஜ் அரெஸ்டர் (திடீர் மின்னழுத்தத்தைத் தரைக்குத் திருப்புவது) போட வேண்டும். தென்னை மேல் விழுகிற இடி பக்கத்தில் இருப்பதைச் சும்மா விடாது. ஸ்டார்ட்டரையும் இதிலேயே ஆன் பண்ணலாமா என்று யோசனை, அப்பா சம்மதிக்க மாட்டார்.

நெட்வொர்க்கில் போர்டு பதில் சொல்கிறதா என்று பிங் இன்னும் அடித்துப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டப் பெட்டி மட்டும் வாங்கியாச்சு.