ரூட்டர் பிட் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

தேக்குப் பலகையின் ஓரத்தை, மரத்தில் காடியும் விளிம்பும் வெட்டும் கருவியான ரூட்டரால் இழைத்தபோது, மலிவு விலையில் வாங்கிய பிட் (அதில் பொருத்தும் சுழலும் வெட்டுமுனை) ஒன்று நார்களைப் பிய்த்தும் கருக்கியும் விட்டது. ஒரு நல்ல பலகை வீணானதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

பிளைவுட்டின் பசை அடுக்குகள் சாதாரண ஹைஸ்பீட் ஸ்டீல் முனையை விரைவில் மழுங்கச் செய்துவிடுவதால், அந்த வேலைக்குக் கார்பைடு முனையுள்ள பிட்டையே வாங்க வேண்டும். வாங்குமுன் வெளிச்சத்தில் பிடித்து, கார்பைடு தகடு போதிய தடிமனோடு இருக்கிறதா, பற்றவைப்பில் இடைவெளி ஏதும் உள்ளதா என்று பாருங்கள்.

பிட்டை ரூட்டரில் பொருத்தும் தண்டின் விட்டம் அதைவிட முக்கியமானது என்பது என் கருத்து. கால் அங்குலத் தண்டைவிட அதே நீளமுள்ள அரை அங்குலத் தண்டு வளைவை ஏறத்தாழ 16 மடங்கு எதிர்ப்பதால், அதிர்வு குறைந்து வெட்டு வழவழப்பாக அமைகிறது. ஆனால் அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர்; எனவே 12 மில்லிமீட்டர் தண்டை அரை அங்குலக் கோலெட்டில் (ரூட்டரில் தண்டை இறுக்கிப் பிடிக்கும் பகுதி) ஒருபோதும் இறுக்கக் கூடாது, ஏனெனில் ஓட்டத்தில் அது நழுவி வெளியேறக்கூடும்.

மைக்கா ஒட்டிய பலகையில் மேற்பரப்பு பெயராமலிருக்க, கீழ்நோக்கி வெட்டும் சுருள் பிட் நன்று. ஆழமான காடிக்கு, தூளை மேலே தள்ளும் சுருள் பிட்டே ஏற்றது.

50 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிட்டை நிமிடத்துக்கு 22,000 சுற்றில் ஓட்டினால், அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 58 மீட்டர் வேகத்தில் சுழலும். அத்தகைய பெரிய பிட்டுகளை, தயாரிப்பாளர் குறித்துள்ள வரம்பை மீறாமல், வேகத்தை நன்கு குறைத்தே ஓட்ட வேண்டும்.