என்ஜினை யார் பறித்தது?

"என்ஜினை யாருப்பா பறிச்சாங்க?" என்று மகள் இன்று காலை ஆங்கிலப் பயிற்சித்தாளை நீட்டினாள்.

காவல்துறை லாரியைச் 'சீஸ்' செய்தது என்ற முதல் வரிக்குப் 'பறிமுதல் செய்தது' என எழுதியிருந்தவள், எண்ணெய் வற்றிய என்ஜின் 'சீஸ்' ஆனது என்ற அடுத்த வரியில் அழித்து அழித்துத் தாளையே கிழித்திருந்தாள்.

சூட்டில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடுவதை நம் மெக்கானிக்குகளும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பழைய பிரெஞ்சு வழியே வந்த இச்சொல், இடைக்கால நிலவுடைமைச் சட்டத்தில் ஒருவரை நிலத்துக்கு உடையவராக்குவதையும் குறித்தது; கொடுத்தலைச் சொன்ன சொல்லே பிடுங்குதலுக்கும் ஆனதை எண்ணினால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

வலிப்பைக்கூட ஆங்கிலம் இதே வேரிலிருந்து, ஏதோ ஒன்று உடலைப் பற்றிக்கொள்வதாகவே, 'சீஷர்' என்கிறது.

'பிடித்துக்கொண்டது' என்று எழுதச் சொன்னேன். கிழிசலை ஒட்டிக் குட்டி எழுத்தில் எழுதினாள்.