ஊர்க்காரன்தானே என்று படிக்காமல் விட்ட பகுதி

யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுத்துத் தமிழில் எழுதினேன். இரண்டாம் தாளில் கிராம ஆய்வுகள், நில உறவுகள், நிலச் சீர்திருத்தம், பசுமைப் புரட்சி எல்லாம் வரும். திருவாரூர்ப் பக்கம் வயலும் வாய்க்காலுமாக வளர்ந்தவனுக்கு இதில் படிக்க என்ன இருக்கிறது என்று கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.

பயிற்சித் தேர்வு ஒன்றில் திருவிழா, களத்துமேடு, ஊர் ஒற்றுமை என்று இரண்டு பக்கம் எழுதினேன். திருத்திய ஆசிரியர் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "இது எந்தத் தெருவில் நின்று பார்த்த ஊர்?"

அந்தக் கேள்வியோடு சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேவைப் படித்தபோதுதான் உறைத்தது. 1961-62இல் தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றை, ஸ்ரீபுரம் என்று புனைபெயர் வைத்து அவர் ஆய்வு செய்தார். தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் குடியானத் தெருவிலும் சேரியிலும் தாராளமாகப் பழக முடியவில்லை என்று அவரே பதிவு செய்திருக்கிறார். வெளியிலிருந்து வந்த ஆய்வாளருக்கே அந்த நிலை. நானோ பிறந்ததிலிருந்து ஒரே தெரு.

குறுவை நடவு நேரத்தில் ஊருக்குப் போனபோது, எங்கள் வயலுக்கு நடவுக்கு வரும் அக்கா வீட்டுக்குப் போனேன். வாய்க்காலைத் தாண்டினால் அவர் வீடு. அதுவரை அந்த வாசலில் நான் உட்கார்ந்ததே இல்லை. "பெல்ட் வண்டி (அறுவடை இயந்திரம்) வந்ததிலேருந்து எங்களுக்கு அறுப்பு ஏது தம்பி? நடவும் களையும்தான்" என்றார். முன்பு அறுப்புக் கூலி நெல்லாக வரும். அதைக் கொட்டி வைத்த மண்குதிர் மூலையில் காலியாக நின்றது. அதன் மேல் ரேஷன் அரிசிப் பை. இயந்திரமயமாக்கலும் பெண் தொழிலாளரும் என்று பத்து முறை படித்தும் மனதில் நிற்காதது, அந்த மூலையைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

அதற்கப்புறம் ஒவ்வொரு கோட்பாட்டையும் ஊர் ஆட்கள் மேல் வைத்துப் பார்த்தேன். பொருளியலாளர் டேனியல் தார்னர் விவசாயக் குடிகளை மாலிக் (நிலக்கிழார்), கிசான் (தானே உழும் விவசாயி), மஜ்தூர் (கூலித் தொழிலாளி) என மூன்றாகப் பிரிக்கிறார். வருமானம் எப்படி வருகிறது, நிலத்தில் என்ன உரிமை, வயலில் எவ்வளவு உழைப்பு என்பவைதான் அளவுகோல். என் அப்பாவுக்குச் சொந்தமாக 2 மா நிலம் (மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர்), கோயில் குத்தகை 5 மா. வேலை இல்லாத மாதங்களில் கூலிக்கும் போவார். அவரை எதில் சேர்ப்பது? ஒரு முழு நாள் யோசித்தேன். ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டத்தில் கால் வைக்கிற அந்தச் சிக்கலை எழுதினாலே விடை விமர்சனமாகிவிடுகிறது. "தார்னரின் வகைப்பாட்டை மதிப்பிடுக" என்று கேட்டால் வேறென்ன எழுதுவது?

சட்டங்களை ஆண்டு வரிசையில் நெட்டுருப் போடாதீர்கள், காரணத்தோடு படியுங்கள். தஞ்சை பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்ததற்குப் பின்னால் விவசாயத் தொழிலாளர் போராட்டம் இருக்கிறது. நில உச்சவரம்பு 1961இல் ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்). 1970இல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். நடுவில் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணி. கூலிப் பிரச்சினையில் 44 தலித்துகள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கீழ்வெண்மணியை எழுதினால் ஆண்டை மட்டும் போட்டுவிட்டு நகராதீர்கள். சாதி, கூலி, சங்கம் மூன்றும் அங்கே எப்படிச் சேர்ந்தன என்று இரண்டு வரியாவது எழுதுங்கள். செத்தவர்களுக்கு அது கூடச் செய்யவில்லை என்றால் இந்தப் பாடத்தைப் படித்து என்ன பயன்?

சமூகவியலாளர் எம்.என். சீனிவாசின் ஆதிக்க சாதிக் கருத்துக்கு நேரம் குறைவாகப் போதும். அவர் ஆய்வு செய்த கர்நாடகக் கிராமமான ராம்புராவில் ஒக்கலிகர்கள் என்ற விவசாயச் சாதியினர் ஏன் அப்படி ஆனார்கள் என்று எண்ணிக்கை, நிலம், அரசியல் செல்வாக்கு வழியாகச் சொல்லத் தெரிந்தால் சரி.

10 மார்க் கேள்விக்கு 150 சொற்கள்தான். ஊர் உதாரணத்துக்கு இரண்டு வரிக்கு மேல் கொடுக்காதீர்கள். ஊருக்குப் போகும்போது உங்கள் தெருவில் இல்லாத ஒரு வீட்டிலும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். நோட்டைப் பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். கையில் எடுத்தால், மனு எழுத வந்த ஆள் என்று நினைத்துப் பட்டா பிரச்சினையை மட்டும் சொல்வார்கள்.