தழும்பாகிப்போகும் மூச்சு

சிஓபிடி என்ற நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள ஒருவர் சிகரெட்டை விட்டுப் பல வருஷமாகியும் மூச்சு வாங்கினால், "இன்னும் திருட்டுத்தனமா பிடிக்கிறார் போல" என்று சொல்வார்கள். கேட்கும்போதெல்லாம் மனசு வலிக்கும். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். புகை நின்றாலும் நுரையீரலுக்குள் அழற்சி அடங்காமல் தொடரலாம். கிருமியைக் கொல்ல வரும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் வெளியிடும் எலாஸ்டேஸ் என்ற நொதி, நுரையீரலின் மீள்நார்களையே அரித்துவிடும்.

இப்போது நான் ஆர்வமாகப் படிப்பது இன்னொரு பக்கத்தை: புண் ஆறும் விதம். காற்றுப்பைகளின் சுவரில் இரண்டாம் வகை செல்கள் இருக்கின்றன. ஸ்டெம் செல் போலப் பெருகி, சிதைந்த மெல்லிய செல்களின் இடத்தை நிரப்புபவை இவைதான். திரும்பத் திரும்ப அடிபட்டு இவை ஓய்ந்துபோனால் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் என்ற இணைப்புத்திசு செல்கள் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைக் கொட்டிக்கொண்டே போகும். மிருதுவாக விரிய வேண்டிய இடம் இறுகித் தழும்பாகிவிடும். காரணம் தெரியாமலே நுரையீரல் தழும்பேறும் ஐபிஎஃப் நோயில் நடப்பது ஏறக்குறைய இதுதான்.

இதையும் வெறும் அழற்சி என்று நினைத்துத்தான் ரொம்ப காலம் மருந்து கொடுத்தார்கள். ப்ரெட்னிசோன், அசத்தியோப்ரின், என்-அசிட்டைல்சிஸ்டீன் மூன்றும் சேர்ந்த அந்தச் சிகிச்சையைப் பெற்றவர்களிடையே இறப்பு அதிகம் என்று 2012ல் வெளியான பாந்தர் ஆய்வு காட்டியது. முதல்முறை படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை பேர் நம்பிக்கையோடு விழுங்கிய மாத்திரைகள்!

2014ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் என்ற இரண்டு மருந்துகளும் தழும்பேறும் வேகத்தைக் குறைக்கின்றன. ஏற்கெனவே விழுந்த தழும்பை அவை நீக்குவதில்லை. அந்த இரண்டாம் வகை செல்களை மறுபடி வேலை செய்யவைக்கும் வழியைத் தேடுபவர்கள் மீதுதான் என் நம்பிக்கை முழுவதும்.