ஊன்றுகோல் கிடைத்த ஊர்

திருவொற்றியூருக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் வடிவுடையம்மனைக் கண்குளிரப் பார்த்துவிட்டுப் புறப்பட்டுவிடுவார்கள். அண்ணன் மகளை நான் அழைத்துப் போனது அங்குள்ள மகிழ மரத்துக்காக.

பெண் பிளஸ் ஒன் படிக்கிறாள். நெருங்கிய தோழி நம்பிச் சொன்ன வீட்டு விஷயத்தை வகுப்பில் நாலு பேரிடம் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் பேச்சை அறுத்துக்கொண்டாள். இருவரும் பூப்பந்தில் இரட்டையராக ஆடியவர்கள். அதன் பிறகு இவள் மட்டையைத் தொடவில்லை. மதியச் சாப்பாட்டையும் தனியாகத்தான் சாப்பிடுகிறாளாம். மன்னிப்புக் கேட்டு எழுதினாள், பதில் வரவில்லை. வீட்டில் ஆளாளுக்கு, "போனால் போகட்டும், வேறு தோழி கிடைக்காமலா போய்விடுவாள்?" என்றார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் முகம் இன்னும் இறுகியது. தப்பே இல்லை என்று பெரியவர்கள் மழுப்புவதைப் பிள்ளைகள் நம்புவதில்லை.

தேரடி மெட்ரோ நிலையத்தில் இறங்கி நடந்தோம். மகிழடியில் உட்கார்ந்து கதையைச் சொன்னேன். சங்கிலியாரை மணக்கும் தேவாரக் கவி சுந்தரர், 'உன்னைப் பிரியேன்' என்று சத்தியம் செய்து தர வேண்டும். சன்னதியில் செய்தால் மீற முடியாதே! அந்த நேரத்துக்கு மட்டும் கருவறையை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடும்படி சிவபெருமானிடமே ஏற்பாடு செய்துகொள்கிறார். பெருமானோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, 'மகிழடியில் சத்தியம் கேள்' என்று சொல்லிவிடுகிறார். சிவனுக்கே நண்பர் என்று 'தம்பிரான் தோழர்' பட்டம் பெற்ற சுந்தரர் வசமாக மாட்டிக்கொண்டார். பிறகு வசந்த காலம் வந்து திருவாரூர் நினைவு இழுக்க, சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று.

"நண்பர் என்கிறீர்கள், அவரே காட்டிக்கொடுத்துவிட்டாரே!" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூர் வரை மின்சார ரயில், அங்கிருந்து பூண்டிக்கு பஸ். பாடல் பெற்ற திருவெண்பாக்கம் இதுதான். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய கோயில் இருந்த இடம் நீர்ப்பிடிப்புக்குள் போய்விட்டது. மூர்த்திகளை மேட்டுக்குக் கொண்டுவந்து வேறு கோயில் எழுப்பினார்கள். சென்னைக்குக் குடிநீர் கொடுப்பதற்காகத் தம் இடத்தையே விட்டுக்கொடுத்த சுவாமி என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கண் தெரியாமல் தட்டுத் தடுமாறி இங்கே வந்த சுந்தரர், "கோயிலில் இருக்கிறாயா?" என்று கேட்டார். உள்ளிருந்து வந்த பதில், "உளோம் போகீர்". இருக்கிறோம், நீர் போம்! கூடவே ஓர் ஊன்றுகோல். அவ்வளவுதான். சுவாமிக்கு ஊன்றீஸ்வரர் என்றே பெயர். இருண்ட வழியில் மின்னலாய் வெளிச்சம் காட்டியவள் என்று அம்பாளுக்கு மின்னொளி அம்மை.

குருக்கள் தீபத்தை உயர்த்திக் காட்டினார். கோலைப் பிடித்தபடி சுந்தரர் நிற்கிறார். கண்ணைக் கேட்டால் கோலையா தருவது என்று கோபத்தில் அதை வீசினாராம், அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்ததாம். இவள் நந்தியருகே குனிந்து, ஒடிந்த கொம்பையே வெகுநேரம் பார்த்தாள். "பாவம், இது என்ன செய்தது?" என்றாள். தன்மேல் உள்ள கோபத்தைப் பக்கத்தில் இருப்பவர்கள் மேல் காட்டுவது இவளுக்கும் பழக்கமாகியிருந்தது. அதை நான் சொல்லவில்லை.

அணைக்கரையில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். "இந்த ஊர்ப் பதிகம் 'பிழையுளன பொறுத்திடுவர்' என்றுதான் தொடங்குகிறது. நீ பொறுத்துக்கொள்வாய் என்று நம்பித்தான் பிழை செய்தேன் என்கிறார். என்ன துணிச்சல் பார்!" என்றேன்.

"கண் போன பிறகும் பாடினாரா, அத்தை?"

"பாடினார். ஊர் ஊராக, நடந்துகொண்டே பாடினார்."

கொஞ்ச நேரம் சாப்பிட்டாள். பிறகு, "சங்கிலியாரிடம் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டாரா?" என்றாள்.

தூக்கிவாரிப்போட்டது. பெரியபுராணத்தில் அப்படி ஒரு காட்சி இல்லை. கோபித்துக்கொண்ட முதல் மனைவி, திருவாரூர்ப் பரவையாரிடம் சிவபெருமானே இரவில் இருமுறை தூது நடக்கிறார். ஒற்றியூரில் விட்டுவந்த சங்கிலியாருக்கு அப்படி யாரும் தூது போகவில்லை. மழுப்பாமல் இருப்பதைச் சொன்னேன்.

"நானாவது கேட்டேன்" என்றாள். முதல் தடவையாகத் தன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை.

"கேட்டாய். பொறுப்பதும் பொறுக்காததும் அவள் இஷ்டம். அதற்காக நீ விளையாடாமல் இருப்பதில் அவளுக்கு ஒன்றும் திரும்பக் கிடைக்கப்போவதில்லை."

பதில் பேசவில்லை. என் பொட்டலத்திலிருந்த வறுத்த வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்றாள். பசி திரும்பியிருந்தது, அது போதும் எனக்கு.

காஞ்சிபுரத்துக்கு அடுத்த மாதம் போனோம். ஏகாம்பரநாதர் கோயிலில் அன்று முகூர்த்த நாள் கூட்டம், நிற்க இடமில்லை. இடக்கண் கிடைத்த தலம் இது. வலக்கண் திருவாரூரில்தான் கிடைத்தது. ஒரே இடத்தில் இரண்டையும் தந்திருக்கக் கூடாதா என்று எனக்கு எப்போதும் ஒரு குறை. இவளுக்கு அந்தக் குறை இல்லை. "இங்கே ஒன்றுதானே? சரி" என்று சாதாரணமாகச் சொல்லி வணங்கினாள்.

தோழி இன்றுவரை பேசவில்லை. இவளும் செய்தி மேல் செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டாள். பூப்பந்துக்குப் போகிறாள், ஒற்றையர் ஆட்டம்தான். திருவாரூருக்குப் பரீட்சை முடிந்த பிறகு டிக்கெட் எடுக்க வேண்டும் என்று அவளே நினைவுபடுத்திக்கொண்டிருக்கிறாள்.